ஆத்தா குடுத்த கொட்டாய்

"இனிமே எவன்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன்!"

இந்தச் சபதத்த நான் போட்டது எங்க வூட்டுக்குப் பின்னால, எருமுட்டை அடுக்குக்கு முன்னால. கேட்டுக்கினு இருந்தது ரெண்டு கோழி, அப்புறம் என் பொண்டாட்டி சாலம்மா.

"கைய கட்டாதீங்க. அந்த எருமுட்டைய வாரி உள்ள வைங்க, மழ வர்றாப்பல இருக்குது"ன்னா.

கள்ளக்குறிச்சியில ஜாபர் பாய் ஒர்க்‌ஷாப்புல ஆயில் இன்ஜின் பிரிச்சு மாட்டுற ஆளு நான். பாய் தங்கமான மனுஷன். ஆனா தங்கமான மனுஷன்கிட்ட வேலை பார்த்தாலும் வேலைக்காரன் வேலைக்காரன்தானே? கச்சிராயபாளையம் பக்கம் எங்க ஊர சுத்தி கரும்புக் கொல்லை. கொல்லைக்கு ஒரு இன்ஜின். அத்தனை இன்ஜினும் நோயாளி. வூட்டுப் பின்னால ஒரு கொட்டாய் போட்டு, அதுல நம்ம சொந்தப் பட்டறைய வெச்சா போதும், நோயாளிங்களே டாக்டரைத் தேடிக்கினு வரும்.

மண் சுவர் எழுப்பிட்டேன். கூரைக்கு ஓலையும் வந்துடுச்சு. நடுவுல போட உத்தரம்தான் இல்ல. இன்ஜின சங்கிலியில கட்டித் தூக்கணும்னா சப்ப மரம் தாங்காது.

அப்பதான் மறியல் வந்துச்சு. எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி மாசம். எங்க ஜனத்துக்குத் தனி இட ஒதுக்கீடு வேணும்னு சாதிச் சங்கத்துல ஒரு வாரம் ரோட்ட மறிக்கச் சொல்லிட்டாங்க. ரோட்டோரப் புளியமரமெல்லாம் குறுக்க சாஞ்சுது. டவுன் பஸ் நின்னுது. ஊரே உரிமையப் பார்த்துச்சு. நான் உத்தரத்தப் பார்த்தேன்.

பக்கத்து வூட்டு பூமாலை ஏரோட்டுறவன், என் உசுருக்கு உசுரான சிநேகிதன். அவன் வண்டியில அப்படி சாஞ்சதுல ஒரு அடிமரத்த ஏத்திக்கினு வந்து, நாலு பேரா சுவரு மேல தூக்கி வெச்சோம்.

"மச்சான், நாளைக்கு கூட்டுரோட்ல மறியல். விடியறப்பவே கெளம்பிடணும்"ன்னான்.

"மொத வரிசையில நிப்பேன் பாரு!"ன்னேன்.

சாலம்மா கதவோரம் நின்னு கேட்டுக்கினு இருந்தா. அப்பவே நான் பயந்திருக்கணும்.

மறுநாள் காலையில கொட்டாய்ல நின்னு சட்டைய மாட்டுறேன், ஓடி வர்றா.

"ஏங்க, மோசம் போனோம்! போலீஸு வூடு வூடா பூந்து மரம் தேடுதாம். ரோட்டு மரம் எவன் வூட்ல இருக்குதோ அவன அள்ளி லாரியில போடுறாங்களாம்."

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? மேல பாருங்க."

பார்த்தேன். ரோட்டு மரத்துக்கு அடிக்கிற வெள்ளைப் பட்டையும் கறுப்பு நம்பரும் என் உத்தரத்துல பளிச்சுன்னு சிரிக்குது.

"எறக்கிடலாமா?"

"நாலு பேரு தூக்கினத நீங்களும் நானுமா?"

"அப்போ மலைக்கு ஓடிடறேன்."

"கல்வராயன் மலைக்குப் போற வழியிலதான் மொதல்ல நிக்கறாங்களாம்."

எல்லாத்துக்கும் பதில் கையில வெச்சிருந்தா.

"இன்னாதான்டி பண்றது?"

"படுங்க."

கொட்டாய் வாசல்ல வேப்பிலைய சொருவினா. என் சட்டைய உருவினா. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு மூஞ்சி, மாரு, முதுகுன்னு ஒரு எடம் வுடாம அப்பினா. வாழ எலையில வேப்பிலையப் பரப்பி என்னைக் கெடத்தினா. அம்மையாம்! அம்மை கண்ட எடத்துல எந்தப் போலீஸ்காரன் கால் வெப்பான்? அவனுக்கும் ஆத்தா பயம் உண்டே.

பூமாலை கூப்பிட வந்தான். வேப்பிலையப் பார்த்ததும் செருப்பக் கழட்டிட்டு வாசலோட நின்னுட்டான்.

"ஆத்தா குளிரட்டும். உனக்கும் சேத்து நான் நின்னுட்டு வர்றேன், மச்சான்."

போயிட்டான். எழுந்திரிக்கப் பார்த்தேன். சாலம்மா முறைச்சா. படுத்துட்டேன்.

உச்சி வேளைக்கு வெளிய பூட்ஸ் சத்தம்.

"யாரு உள்ள?" கரகரன்னு ஒரு கொரலு.

"ஆத்தா இருக்காங்க ஐயா" இது சாலம்மா.

"அப்படின்னா அம்மை எறங்கி மூணாந் தண்ணி ஊத்தற வரைக்கும் வெளிய வுடாத. காத்து பட்டா ஆகாது, இன்னா?"

என் ஒடம்பு மேல இவ்ளோ அக்கறை உள்ள போலீஸ நான் பார்த்ததே இல்ல. படுத்த எடத்துலேர்ந்தே கும்பிட்டேன்.

அம்மை கண்டவன் மனுஷன் இல்லீங்க, ஆத்தா. கல்யாணம் கட்டினதுலேர்ந்து மொத தடவையா சாலம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கும் கொஞ்சம் துளிர் வுட்டுப் போச்சு.

"ஆத்தாவுக்கு இன்னா வேணும்?"

"கறிக்கொழம்பு."

"ஆத்தா கூழு கேக்குறா!"ன்னு தெருவுக்கே கேக்கறாப்பல கத்தினா. வந்துச்சு, உப்பில்லாத கூழு.

பூமாலை அன்னிக்குத் திரும்பல. மறுநாளும் திரும்பல. சாலம்மாவக் கேட்டா, "வந்துடுவாரு, கண்ண மூடுங்க"ன்னா. ரோடு தொறக்கறதுக்கு மொத நாளு தெருமுனையில ஒரு ஓலம். பூமாலை பொண்டாட்டி செவ்வந்தி. கூட்டுரோட்ல துப்பாக்கிச் சூடாம். அவனுக்கு முட்டியில குண்டு. கட்டில்ல போட்டுத் தூக்கிக்கினு ஓடியிருக்காங்க. வழியெல்லாம் மரம். அவங்களே வெட்டிப் போட்ட மரம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நேரம் கடந்து போய், காலையே எடுத்துட்டாங்க.

செவ்வந்தி நேரா என் வாசல்ல வந்து வுழுந்தா. ஆத்தா அங்கதானே இருக்கா!

"ஏரு புடிக்கிறவன் காலை வாங்கிக்கினியே ஆத்தா! ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எப்படிப் பொழைப்பேன்?"

தெருவே கூடி நிக்குது. நான் மஞ்சளுக்குள்ள கெடக்கேன். எழுந்து ஓடி, "நான் ஆத்தா இல்ல தாயி, பொய்யன்"னு கத்தணும்போல இருந்துச்சு. தைரியம் வரல. கண்ணீருதான் வந்துச்சு. மஞ்சளு கரைஞ்சு காதுல வழிஞ்சுது.

"ஆத்தா அழறாடி!"ன்னா பக்கத்துத் தெரு பச்சையம்மா.

சாலம்மா முன்னால வந்து கைகூப்பினா. "ஆத்தா, ஒக்காந்து செய்யற வேலையா அவருக்கு ஒண்ணு காட்டு. இந்தக் கொட்டாய்ல ஒரு எடம் குடுப்பியா?"

"குடுத்தேன்."

அது தானா வந்த வார்த்தை. இன்னி வரைக்கும் அதுக்காக நான் வருத்தப்பட்டதில்ல. அவ அதோட நிறுத்தியிருக்கலாம்.

"ஓரமாவா ஆத்தா, நடுவுலயா?"

"நடு...வுல."

"கூலியாவா ஆத்தா, மொதலாளியாவா?"

லேசா கண்ணத் தொறந்தேன். கூப்பின கை கூப்பினபடியே இருக்குது. கண்ணு மட்டும், 'வேப்பிலைய பிரிச்சிடட்டுமா?'ன்னு கேக்குது.

"மொத... லாளி."

தெருவே கன்னத்துல போட்டுக்கிச்சு.

மூணாந் தண்ணி ஊத்தி வூட்டுக்குள்ள வந்தேன். என் மச்சினன் செல்லமுத்து, கரும்பாலை வாட்ச்மேன், கறிக்கொழம்பு சாப்ட்டுக்கினு இருக்கான். என் கறிக்கொழம்பு! வாசப்படியில அவன் பூட்ஸ்.

"தண்ணி ஊத்தியாச்சா மாமா?"ன்னான். அதே கரகர கொரலு.

அடுப்பாண்ட போனேன்.

"ஏண்டி, நம்ம ஊருக்குப் போலீஸே வரலியா?"

"கூட்டுரோட்டுக்கு வந்துச்சே, போதாதா?"

"என்னைப் பொட்டச்சியாட்டம் படுக்க வெச்சிட்டியேடி! பூமாலை பக்கத்துல நான் நின்னிருந்தா..."

"நின்னிருந்தா?"

கரண்டியக் கீழ வெச்சிட்டு எம் பக்கம் திரும்பினா.

"உங்கள மட்டும் எப்படி நிறுத்தறதுன்னுதான் யோசிச்சேன். அவரையும் நிறுத்தணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க. வாசல் வரைக்கும் வந்து நின்ன மனுஷன், போகட்டும்னு வுட்டுட்டேன். செவ்வந்தி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? அதான் கொட்டாய கேட்டேன்."

சொல்லிட்டு அழுதா. நானும் அழுதேன். செல்லமுத்து இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கினான்.

இப்ப பாய் வேலைய வுட்டாச்சு. புளிய உத்தரத்துக்குக் கீழ, நட்டநடுவுல, ஸ்டூல் போட்டு பூமாலை ஒக்காந்திருக்கான். இன்ஜின் பிரிக்கக் கத்துக் குடுத்தது நான்தான். வர்ற சனம் அவனைத்தான் கும்பிடுது. ஆத்தா வாக்குல வந்த மொதலாளியாச்சே.

"மச்சான், அந்தப் பதினாலு பதினஞ்சு ஸ்பேனர எடு"ங்கிறான்.

என் சபதம் பலிச்சிடுச்சுங்க. கைகட்டி நிக்கறதுக்கு அவன் எனக்கு நேரமே குடுக்கறதில்ல.