கார்களுக்கும் ஓர் ஒஸ்தா

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைத் தெருக்களில் சுன்னத்துச் செய்யப்படாத கார் ஒன்றைக்கூட நீங்கள் பார்த்திருக்க முடியாது. அதற்கு முழுப் பொறுப்பும் ஒஸ்தா காக்காவையே சேரும்.

எங்கள் ஊர்களில் காக்கா என்றால் அண்ணன்; ஒஸ்தா என்றால் சிறுவர்களுக்குச் சுன்னத்துச் செய்பவர். இவரோ கராஜ் வைத்திருந்த மெக்கானிக். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில், இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்துவைக்கும் ஒரு பித்தளை மூடி இருக்கும். பெயர் தெர்மோஸ்டாட்.

"கொதிக்கிற ஊருல சூட்டப் புடிச்சி வெக்கிறத்துக்கு ஒரு சாமானா?" என்று கேட்டு, கைக்கு வந்த ஒவ்வொரு காரிலும் அதைக் கழற்றினார் காக்கா. கழற்றிய பின், சுன்னத்துப் பிள்ளைக்கு உடுத்துவதுபோல், பொனற்றின் மேல் வெள்ளைச் சாரம் விரித்து, மூன்று நாள் ஓட விடமாட்டார். ஏழு நாளுக்குக் கருவாடு ஏற்றக் கூடாது.

காரைதீவு ஆசிரியர் ஒருவர் தயங்கினார். "காக்கா, நாங்க சைவ ஆக்கள்..."

"நீங்க சைவம் மாஸ்டர். கார் என்னெண்டு காரிட்டக் கேட்டீங்களா?"

மூன்றாம் நாள் மாஸ்டர் சாரத்தைத் துவைத்துக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துப்போனார்.

என் பழைய காருக்கும் சடங்கு முறைப்படி நடந்தது. பிறகு எனக்கு நுவரெலியாவில் கிளார்க் வேலை கிடைத்தது. தங்கிய அறையிலிருந்து வேலை பார்த்த கந்தோருக்கு நாலு மைல் ஏற்றம். டிசம்பர் குளிரில் காரின் சூட்டு முள் அடியைவிட்டு எழும்பவே இல்லை. வளைவுக்கு வளைவு இருமி நின்றது. இரண்டு முறை பிந்தினேன். "மூன்றாவது முறை பிந்தினால் ஊரிலேயே இருந்துகொள்ளும்" என்றார் கந்தோரின் பெரியவர். வேலை நிரந்தரமாகவில்லை. திங்கள் காலை எட்டுக்கு நான் மேசையில் இருக்க வேண்டும். சனிக்கிழமை கல்முனைக்கு ஓடிவந்தேன்.

காக்கா ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி படிந்திருந்தது.

"நாக்குக் கறுத்திரிக்கி. இவ்வளவு காலமும் காச்சல்காரனத்தான் பாத்த. இவனுக்குத் தடிமன் தம்பி, சளி புடிச்சிரிக்கி."

"அதுக்கு என்ன காக்கா மருந்து?"

"தடிமனுக்கு என்ன குடுப்பாங்க?"

வீட்டிலிருந்து ஒரு கேத்தல் கொத்தமல்லித் தண்ணீர் வந்தது. வடித்து ரேடியேட்டரில் ஊற்றினார். கராஜ் முழுவதும் நல்ல வாசம். முள் அசையவில்லை.

அடுத்து, மாரிக் காற்றுப் படாமலிருக்க ரேடியேட்டரின் முன்னால் ஒரு பன்பாயைக் கட்டினார். முள் மெல்ல எழுந்தது. அவிழ்த்தார், விழுந்தது. மறுபடி கட்டினார், எழுந்தது. பிறகு இஞ்சினை ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து மேல் குழாயைப் பிடித்துப் பார்த்தார். இஞ்சின் சூடாகும் முன்பே தண்ணீர் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறிக்க மூடி இல்லை.

காக்கா எழுந்துபோய்க் கராஜ் கதவை உள்ளே பூட்டினார்.

"பிழை என்ட. ஆனா வெட்டினத்தத் திரும்ப வெச்ச ஒஸ்தாவ நீ எங்கயாவது கேள்விப்பட்டிரிக்கியா?"

"காக்கா, வேல பெயித்திரும்."

பெருமூச்சு விட்டு ஒரு பிஸ்கட் தகரத்தைத் திறந்தார். உள்ளே ஊரின் அத்தனை தெர்மோஸ்டாட்டுகளும், ஒவ்வொன்றிலும் கார் நம்பர் கட்டிக் கிடந்தன. என்னுடையதை எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டார். திறந்தது. பிஸ்மி சொல்லிக் காரில் பூட்டினார். முள் எழுந்து நடுவில் நின்றது.

"நான் மௌத்தாகுமட்டும் ஒருத்தருக்கும் செல்லாத. கேட்டா, பாயால சுகம் வந்த எண்டு செல்லு."

தேவையில்லாத பாயை முகத்தில் கட்டிக்கொண்டு என் கார் கல்முனையைவிட்டு வெளியேறியதை ஊரே பார்த்தது. திங்கள் எட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே மேசையில் இருந்தேன்.

மாசியில் ஊருக்கு வந்தால், வெயில் திரும்பியிருந்தது. கண்ட கார்களின் முகங்களிலெல்லாம், என்னுடையதைப் பார்த்துக் கட்டிய பன்பாய். சந்திக்குச் சந்தி, கொதித்த ரேடியேட்டர்களின் ஆவி. காக்காவின் கராஜில் நிற்க இடமில்லை.

"பாத்தியா தம்பி, ஊருக்குக் காச்சல் திரும்பிட்டு!" அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

காக்கா மௌத்தாகி, அடக்கம் செய்தும் பல காலம். வாக்கிலிருந்து எனக்கு விடுதலை; அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கல்முனையில் யாராவது நேரில் கேட்டால், இன்றைக்கும் பாயால்தான் சுகம் வந்தது என்பேன்.