மருந்துப்பட்டியல் துயிலெழு படலம்

வாழ்க, விசைப்பலகை வேந்தன்! நாளை என்னும் நாட்டின் நிகரற்ற காவலன், "அப்புறம் பாத்துக்கலாம்" என்னும் ஒற்றை மந்திரத்தால் ஓயாத வேலைகளையெல்லாம் ஒத்திவைத்த ஒப்பிலான், அலுவலகத்தார் "அப்புறம்" என்றே அழைத்த புரோகிராமர் வாழ்க! மருந்துக்கடை மென்பொருளை இன்று கடைக்காரம்மாவிடம் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் அவன் வேலை நிரந்தரம்.

அந்த மென்பொருளோ, திறக்கும்போதே மருந்துப்பட்டியல், ஆண்டறிக்கை, இன்னபிற என்று நினைவகத்தில் ஏற்றவேண்டிய ஆப்ஜெக்டுகள் அத்தனையையும் ஒருங்கே படைத்து, காண்போர் கொட்டாவி விட்டுக் கண்ணீர் மல்கிய பின்னரே முகங்காட்டும் மந்தகதிப் பெருங்களிறு. அதன்மேல் பாய்ந்தான் மாவீரன். "எவரும் கேளாதவரை எதுவும் பிறவாதிருக்கக் கடவது! முதன்முதல் கேட்கும் கணத்தில் பிறக்கக் கடவது!" என்று ஆணையிட்டு, அகப்பட்டவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் உறங்கவைத்தான். தொட்டதும் திறந்தது.

பிழை பிடிப்பதே பிழைப்பான பக்கத்து இருக்கை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"டேய், ஆண்டறிக்கையை வருஷத்துக்கு ஒரு தடவைதான் கேப்பாங்க, அது தூங்கட்டும். மருந்துப்பட்டியலை எதுக்குடா தூங்க வச்ச? முதல் பட்டனே அதைத்தானே கேக்கும்!"

"அப்புறம் பாத்துக்கலாம் அக்கா."

ஐயகோ! கடைக்காரம்மா வந்தார், அமர்ந்தார், திரை நொடியில் திறக்கக் கண்டு புன்னகை பூத்தார், அதுகண்டு மேனேஜரும் பூத்தார். அடுத்து அம்மையாரின் ஆள்காட்டி விரல் "விற்பனை" என்னும் பொத்தான்மேல் இறங்க, கடையிலுள்ள அத்தனை மருந்துகளின் பெயரும் விலையும் அப்போதுதான் பாயைச் சுருட்டி எழத் தொடங்க, திரை உறைய, சக்கரம் சுழல, வியர்வை வெள்ளம் பெருக, வெறும் மவுஸே ஆயுதமாய்த் தனித்து நின்றான் தலைவன். பாவம், அதுவும் நகரவில்லை.

"என்ன தம்பி, தூங்கிடுச்சா?"

"எழுந்துக்கிட்டே இருக்கு மேடம்..."

"நல்லா இருக்கே! காய்ச்சல்காரன் வந்து நின்னப்புறம்தான் நான் மருந்து வாங்கக் கிளம்பணுமா? சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க."

அவர் அகன்றதும், புண்பட்ட வேங்கை மருந்துப்பட்டியலைத் தொடக்கத்திலேயே படைத்தது. திறப்பது சற்றே தாமதித்தாலும் விற்பனை தொட்டதும் நடந்தது. ஆண்டறிக்கையை மட்டும் அக்கா சொன்னபடி உறங்கவிட்டு, மேனேஜர் அறை வாயிலில் தலைகுனிந்து நின்று, நிரந்தரம் என்னும் வரத்தை வேண்டினான் வீரன். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருவாய் மலர்ந்தருளினார்:

"அதுக்கென்ன இப்ப அவசரம்? அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.