சாட்சி மீன்கள்

வாசலில் இருந்த கண்ணாடித் தொட்டியில் ஐந்து மீன்களும் மல்லாந்து மிதந்தன. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வர இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

சூப்பர்வைசர் கடிகாரத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பெயிண்ட் தொழிற்சாலையின் கழிவுநீரைச் சுத்திகரித்து, அந்த நீரிலேயே மீன் வளர்த்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மீன் நீந்தினால் உரிமம் உண்டு, செத்தால் கேட்டுக்குப் பூட்டு. எண்பது பேருடைய பிழைப்பு ஐந்து வால்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுத்திகரிப்பு நிலையம் கட்டி நான்கு மாதம் ஆகிறது. கட்டியவர்கள் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனார்கள். ஆனாலும் சூப்பர்வைசருக்கு அதன்மேல் எள்ளளவும் நம்பிக்கை இல்லை. காலையிலேயே தொட்டியைக் காலி செய்துவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பியிருந்தார். ஊரே குடிக்கிற தண்ணீர். அதிலும் செத்துத் தொலைத்தால் மனிதன் என்னதான் செய்வான்?

"பழைய கழிவுத்தண்ணி அடியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்," என்றார் கலர் மாஸ்டர். வண்ணம் கலப்பதில் புலி. மற்ற எல்லா விஷயங்களிலும் கருத்து மட்டும் உண்டு.

"அப்ப நல்லாக் கழுவிட்டு மறுபடி குழாய்த் தண்ணியே பிடிங்க. அக்கா, இதுங்களை அள்ளி எங்கயாவது போடுங்க. யார் கண்ணுலயும் படக் கூடாது."

துப்புரவு வேலை பார்க்கும் அக்கா வாளியோடு வந்தார். போட்டுவிட்டுத் திரும்பி வந்து, "சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார்.

"அப்புறம் சொல்லுங்க."

கடையிலிருந்து புதிதாக ஐந்து மீன்கள் வந்தன. இருபது நிமிடம் உற்சாகமாக நீந்திவிட்டு, முன்னோர் காட்டிய வழியில் போய்ச் சேர்ந்தன. அடுத்ததாக, "சாக்கடையில விட்டாலும் சாகாது" என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்த தடியன் ஒன்று வந்தது. அது பத்து நிமிடம் தாக்குப்பிடித்தது. ஒவ்வொரு முறையும் அக்காவே வாளியில் அள்ளிக்கொண்டு போனார்.

"சார், இப்பவாவது..." என்றார் அக்கா.

"உயிர் போற நேரத்துல என்னக்கா பேச்சு?"

"அதைப் பத்தித்தான் சார்."

சூப்பர்வைசர் காதில் வாங்கவில்லை. கலர் மாஸ்டருக்கு யோசனை உதித்திருந்தது. "மீன் இல்லாட்டி என்ன சார்? நம்மகிட்ட பெயிண்ட் இருக்கே."

பெயிண்ட் வாளி மூடியில் மூன்று மீன்களை வெட்டி, ஆரஞ்சு வண்ணம் அடித்து, நைலான் நூலில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார்கள். நூலை ஆட்டுவதற்குக் கலர் மாஸ்டரே மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார்.

வெயிலில் வந்த அதிகாரி முதலில் தண்ணீர் கேட்டார். சூப்பர்வைசரே ஓடிப்போய்க் குழாயில் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி குடித்த டம்ளரோடு அதிகாரி தொட்டியின் மேல் குனிந்தார்.

"இது ஏன் பின்பக்கமா நீந்துது?"

"மரியாதை சார். பெரியவங்களுக்கு முதுகைக் காட்டாது."

"அது அசையவே இல்லையே?"

"யோசிக்குது சார்."

மேசைக்கு அடியில் ஒரு தும்மல் கேட்டது. மூன்று மீன்களும் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலே எம்பிக் குதித்தன. திரும்ப விழுந்தபோது அவற்றின் நிறம் கரைந்து, தொட்டி முழுக்க ஆரஞ்சு பரவியது.

"என்ன பெயிண்ட்யா அடிச்சே?" என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார்.

"நம்ம புது ரகம் சார்," என்றது மேசை. "தண்ணியில கரையும். மண்ணுக்குக் கெடுதலே இல்ல."

அதிகாரி பேனாவை எடுத்தார். "ஆக, உங்க சுத்திகரிச்ச தண்ணியில ஒரு மீன்கூடப் பிழைக்கல. பூட்ட வேண்டியதுதான்."

"எண்பது குடும்பம் சார்," என்றார் சூப்பர்வைசர். நிஜமாகவே அழுதார்.

அதிகாரி சங்கடத்தோடு மிச்சத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அதற்குள் அக்கா வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். உள்ளே பதினோரு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"சுத்திகரிச்ச தண்ணியில போட்டதும் எல்லாம் எழுந்துடுச்சு சார்," என்றார் அக்கா. "மயங்கி விழுந்ததெல்லாம், நீங்க இப்பக் குடிச்சீங்களே, அந்தக் குழாய்த் தண்ணியிலதான்."