திடுக்கு அண்ணன் பார்த்த போர்ப் படம்

அதிர்ச்சி அடைவதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டிருந்த மனிதர் காஞ்சிபுரத்தில் ஒருவர்தான். அவர் திடுக்கு அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். மழை பெய்தால் "ஐயய்யோ!" என்பார். பெய்யாவிட்டாலும் "ஐயய்யோ!"தான். கோயில் யானை வருஷக்கணக்காக அவர் தெரு வழியாகத்தான் போய்வந்தது. தினமும் அதைப் பார்த்து, "ஐயய்யோ, எவ்ளோ பெருசுபா!" என்று சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் ஒரே பட்டுக்கடையில் வேலை பார்த்தோம். நான் பில் போடுகிறவன், அவர் சேலை விரித்துக் காட்டுகிறவர். வந்தவர்கள் விலை கேட்டால் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். அவர்கள் அதிர்வதற்கு முன்னால் இவர் நெஞ்சில் கை வைத்துவிடுவார். "ஐயய்யோ! இன்னாம்மா இது, இந்த விலை போட்டுக்கீறாங்க!"

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கல்யாண ஜவுளி எடுக்க வருகிற பெண்களெல்லாம், "அந்த ஐயய்யோக்காரர் இருக்காரா? அவர்தான் பொய் சொல்லமாட்டார்" என்று அவரிடமே போய் உட்கார்ந்தார்கள். முதலாளியால் அவரை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அனுப்பவும் முடியவில்லை.

அப்போது ஊர் தியேட்டருக்குப் பழைய போர்ப் படம் ஒன்று மறுபடி வந்தது. கறுப்பு வெள்ளை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குண்டு விழும் என்று போஸ்டர் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு கடைப் பையன்கள் நாங்கள் சேர்ந்து அண்ணனை அழைத்துப் போனோம். படம் பார்க்க அல்ல, அவரைப் பார்க்க. பீரங்கி வெடிக்கும்போது பெஞ்சிலிருந்து எவ்வளவு உயரம் எழும்புவார் என்று எங்களுக்குள் ஒரே வாக்குவாதம்.

பீரங்கி வெடித்தது. பாலம் நொறுங்கியது. ஆகாய விமானம் எரிந்துகொண்டே தலைக்கு மேல் வந்தது. எங்கள் கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்தது. அண்ணன் நிதானமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பயமா இல்லியாண்ணே?"

"சினிமா குண்டுதானேபா. அதுக்கு எதுக்கு பயப்படணும்?"

நாங்கள் நொந்துபோய்விட்டோம். டிக்கெட் வீண்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு சின்னக் காட்சி. செத்துப்போன சிப்பாயின் நண்பன் அவன் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்கிறான். சிப்பாயின் மனைவி, சின்னப் பெண், அழவில்லை. "சாப்பிட்டு வந்தீங்களா?" என்கிறாள். இலை போடுகிறாள். சோறு வைக்கிறாள். வைத்துக்கொண்டே இருக்கிறாள். இலை நிறைந்து தரையில் வழிகிறது. கை மட்டும் நிற்கவில்லை.

"ஐயய்யோ!" அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "யாராவது அந்தப் பொண்ணு கையைப் புடிங்கபா!"

தியேட்டரே சிரித்தது. பிறகு சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. விளக்கு போட்டதும் அண்ணன் ஆபரேட்டர் அறைக்கு ஓடினார்.

"அந்த ரீலை மறுபடி போடுய்யா."

"இன்னா விளையாடுறியா? போய் உட்காரு."

"போடலைன்னா இந்த வாசப்படியிலயே உட்காருவேன். நீ எப்படி வெளிய வர்றேன்னு பாக்குறேன்."

மேனேஜர் வந்தார். வாட்ச்மேன் வந்தான். முன் பெஞ்சுக்காரர்கள் சோடா பாட்டிலைத் தூக்கிக்காட்டினார்கள். கடைசியில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "அவர் கேக்குறதுதான் நியாயம். போடுய்யா!" உடனே அந்தப் பக்கம் முழுக்கக் கத்தியது. ஆபரேட்டர் மிரண்டுபோய் ரீலைத் திருப்பிப் போட்டார்.

இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பக்கத்திலிருந்தவன் என் தொடையில் கிள்ளினான். "டேய், இது அவங்கடா!"

சிப்பாயின் மனைவியாக வந்தவர் அவரேதான். அப்போதைய படங்களில் பொய்முடியும் ஜிகினாவுமாக மலையுச்சியில் ஆடிக்கொண்டிருந்த, ஊர் பூராவும் காலண்டரில் தொங்கிய நட்சத்திரம். யாருக்கும் தெரியாத காலத்தில் இப்படி ஒரு வேஷம் போட்டிருக்கிறார்.

அதிர்ச்சி அதோடு முடியவில்லை. அந்த வாரமே அந்த நடிகை சேலை எடுக்க எங்கள் கடைக்கு வருவதாகத் தகவல் வந்தது. முதலாளி முதலில் அண்ணனைக் கூப்பிட்டார். "நீ குடோனை விட்டு வெளிய வராதே. வாயைத் தொறந்தே, வேலை போயிடும்."

கார் வந்தது. கறுப்புக் கண்ணாடியோடு நடிகை உட்கார்ந்தார். முதலாளி புதுப் படத்து நடனத்தைப் புகழ்ந்து தள்ளினார். நடிகை கொட்டாவியை அடக்கிக்கொண்டார். குடோன் கதவு திறந்தது.

"அம்மா, அந்தச் சோத்தை ஏம்மா அவ்ளோ போட்டீங்க?"

முதலாளியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நடிகை மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் படம் பார்த்தீங்களா?"

"பாத்தேம்மா. அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலை."

"ரெண்டு கரண்டிதான் போடச் சொன்னாங்க. எனக்கு நிறுத்தத் தெரியலை. டைரக்டர் கத்தினது காதுலயே விழலை." முதல் முறையாகச் சிரித்தார். "இப்போ வர்ற என் படங்களைப் பார்க்கிறீங்களா?"

நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

"நல்லாத்தான் ஆடுறீங்கம்மா. ஆனா அந்தப் பொண்ணைக் காணோமே."

நடிகை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினார். ஒரு சேலைகூட எடுக்காமல் போய்விட்டார்.

அண்ணனுக்கு அந்த நிமிஷமே வேலை போனது. அதற்கு அவர் அதிரவில்லை. "முதலாளி, நீங்க அந்தப் படத்தைப் பாக்கலியா? ஐயய்யோ!" என்று அதற்குத்தான் அதிர்ந்தார். "நீங்க பாருங்க. பாத்துட்டும் என்னைப் போன்னு சொன்னா போறேன்."

ஆத்திரத்தில் முதலாளி அன்று சாயங்காலமே தியேட்டருக்குப் போனார். மறுநாள் கடை திறந்ததும் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். கண் வீங்கியிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மனுசனை வரச்சொல்லுபா."

அண்ணன் காலமாகி வெகுநாளாகிறது. இப்போது நான் போகிற தியேட்டர்களில் குளிர்சாதனம் இருக்கிறது, மெத்தை நாற்காலி இருக்கிறது. எவ்வளவு நல்ல காட்சி வந்தாலும் எல்லாரும் அமைதியாக உட்கார்ந்தே பார்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவேயில்லை.