நைனா குரலில் நான் கவலை ஓட்டிய கதை

நான் ஒரு மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். இதை வீட்டுக்கு வெளியில் சொல்ல எனக்கு அறுபது வயதாக வேண்டியிருந்தது.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் கிணற்றில் நைனா, அதாவது என் அப்பா, மாடு பூட்டி இழுக்கும் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைப்பார். அவர் வடக்கயிற்றின் மேல் உட்கார, செவலை, மயிலை என்ற இரண்டு மாடுகளும் சரிவில் இறங்கும்; சால் என்கிற தோல் வாளி தண்ணீரோடு மேலே வரும். வேலை முடியும்வரை மாடுகளோடு ஓயாத பேச்சுதான். "இன்னா செவல, கால் வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கடா ராஜா" என்பார். என்னிடமோ? எஸ்.எஸ்.எல்.சி. பாஸான சேதியை ஓடிவந்து சொன்னபோது, "உம்" என்றார். (அதுவும் எனக்கா மாட்டுக்கா என்பதில் இன்னும் சந்தேகம் உண்டு.) என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வருஷம் என் குரல் உடைந்தது. ஒருநாள் கொட்டகையில் "ஹோய்" என்றேன். படுத்திருந்த செவலை அடித்துப் பிடித்து எழுந்து நின்றது. அப்படியே நைனாவின் குரல்! விட்டேனா? மறுநாள் அவர் சந்தைக்குக் கிளம்பியதும் மாடுகளைப் பூட்டினேன். அவர் மறந்துவிட்டுப் போன துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வடத்தில் ஏறினேன். இரண்டு சால் தண்ணீர் வந்தது. தலைகால் புரியவில்லை. மூன்றாவது சாலுக்கு நைனாவாகவே மாறிவிட்டேன்.

"செவல, எம் புள்ள பாஸ் பண்ணிட்டான்டா. உன்கிட்ட இவ்ளோ பேசறேன். அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசினா வாயில கீற முத்தா உதுந்துடும்?"

"பாஸான அன்னிக்கே அதுங்கிட்ட சொல்லிட்டேனே, எம் புள்ள கெட்டிக்காரன்னு."

அதே குரல், பின்னாலிருந்து. துண்டைத் தேடித் திரும்பி வந்திருக்கிறார்!

முன்னும் பின்னும் ஒரே எஜமானின் குரல் கேட்டால் மாடு என்ன செய்யும்? மிரண்டு துள்ளியது. வடம் என்னைத் தூக்கி வாய்க்கால் சேற்றில் எறிந்தது. அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரலடா" என்று கை கொடுத்துத் தூக்கினார். "நாளையிலேர்ந்து நீயே ஓட்டு. கொரல் நல்லாத்தான் கீது."

சேற்றோடு நின்ற எனக்கு ஊரையே ஜெயித்த மாதிரி இருந்தது.

என் மகன் காலேஜில் முதலாவதாக வந்தபோது, அவன் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டே நின்றேன். இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருந்த என் மனைவி, "இன்னா, ஒரு மாடு வாங்கியாரட்டுமா?" என்றாள். மாடு வேண்டாமென்றுவிட்டு, "நீ கெட்டிக்காரன்டா" என்று அவனிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.