அவருக்குப் பாதிக் குளிசை

கண்டாவளை,
புதன்கிழமை.

கனடாவில் குளிருக்குள் இருக்கும் தயாளினி மச்சாளுக்கு, உங்கள் அண்ணன் பெண்சாதி விமலேஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இரண்டு மாடும் சுகம். உங்கள் சுகத்தை உள்ளபடி எழுதவும். போனில் நீங்கள் சொல்லும் சுகத்தை நான் நம்புவதில்லை.

ஒவ்வொரு நாளும் காலை பதினொரு மணிக்குப் போன் எடுத்து, "கிளினிக்குக்குப் போங்கோ மச்சாள்" என்று சொல்லிச் சொல்லியே என்னை அனுப்பி வைத்தீர்கள். அங்கே நடந்ததைப் போனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நானும் அழுவேன், பிறகு ஆருக்கு ஆர் ஆறுதல் சொல்லுவது? அதனால்தான் கடிதம்.

உங்கள் அண்ணை வயலுக்குத் தண்ணி கட்டப் போன இடத்தில் வரப்பிலே சரிந்து செத்து ஒரு வருசமாகி, ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. எனக்கு நித்திரை இல்லை, சோறு இறங்குவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மனநலக் கிளினிக் என்றால் ஊர் வேறு கதை கதைக்கும் என்று பயந்து, பக்கத்து வீட்டு ராசமலரிடம் பிறசர் பார்க்கப் போறன் என்று சொல்லி, கிளினிக் கொப்பியைப் பைக்குள் முருங்கையிலைக் கட்டுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். கொப்பியை மேசையில் அடுக்கிவிட்டு வாங்கில் போய் இருந்தால், பக்கத்தில் ராசமலர்! பரந்தனில் சட்டை தைக்கக் குடுக்கப் போறன் என்று முதல்நாள் எனக்குச் சொன்னவ. அவ என்னைப் பார்த்தா, நான் அவவைப் பார்த்தன்.

"உங்களுக்கு இஞ்சையே பிறசர் பாக்கிறவை?"

"ஓம். உங்களுக்கு இஞ்சையே சட்டை தைக்கிறவை?"

பிறகு இரண்டு பேரும் சிரிச்ச சிரிப்பில், நேர்ஸ் மிஸ்ஸி வந்து "சத்தம் போடாதேங்கோ" என்று ஏசினவ. அண்ணை செத்தபிறகு நான் சிரிச்சது அண்டைக்குத்தான் மச்சாள். சிரிச்சுப்போட்டு எனக்கே வெக்கமாப் போச்சு.

டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை, இருபத்தெட்டு வயது வராது. நல்ல தன்மையாக் கதைச்சவ. "அம்மா, செத்துப்போன உங்கடை வீட்டுக்காரர் உங்களோட கதைக்கிறவரோ?" என்று கேட்டா. நான் சொன்னன், "உயிரோட இருக்கேக்கையே கதைக்காத மனுசன். முப்பத்தொரு வருசத்திலை 'கறிக்கு உப்புக் காணாது' எண்டதுதான் ஆகப் பெரிய கதை. இப்ப வந்து என்னத்தைக் கதைக்கப் போறார்?" பிள்ளை பேனையால் வாயை மறைச்சுக்கொண்டு எழுதினவ. கவலைக்கும் நித்திரைக்கும் இராவைக்கு ஒவ்வொரு குளிசை என்று ஒரு மாதத்துக்குத் தந்துவிட்டா.

அங்கேதான் வில்லங்கம். அடுத்த மாதம் போனபோது மிஸ்ஸி கேட்டா, "அம்மா, குளிசை முழுசும் முடிஞ்சுதோ?"

"ஓம் பிள்ளை, முடிஞ்சுது. எனக்குப் பாதி, அவருக்குப் பாதி."

"எவருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

மிஸ்ஸி கொப்பியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "அவர் எப்பிடியம்மா எடுக்கிறவர்?"

"படத்துக்கு முன்னாலை வைப்பன். விடிஞ்சாப் பிறகு சோத்தோட சேத்துக் காகத்துக்கு வைச்சிடுவன்."

நீங்களே சொல்லுங்கோ மச்சாள், இதில் என்ன பிழை? எங்கள் வீட்டில் தலையிடிக்குப் போடும் பனடோல்கூட ஆளுக்குப் பாதி. கவலைக்குக் குளிசை என்றால், தனியப் போன மனுசனுக்கும் கவலை இருக்காதோ? அந்தக் காகமும் சோறு திண்டால் மாட்டுக் கொட்டில் கூரையில் மத்தியானம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும். கூப்பிட்டாலும் திரும்பிப் பாராது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இது அவரேதான் என்று இன்னும் உறுதியாப் போச்சு.

டொக்டர் பிள்ளை சிரிக்கேல்லை. என்ரை கையைப் பிடிச்சு, "இந்த மாதம் முழுசையும் நீங்களே போடுங்கோ அம்மா, காகம் பாவம்" என்றா. சரியெண்டு வந்திட்டன். ஆனால் அவவிடம் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லுறன். விடியப்புறம் மாட்டுக் கொட்டில் பக்கம் அவரின்ரை இருமல் எனக்குக் கேட்கும். இரண்டு தரம் இருமுவார், அவ்வளவுதான். முழுக் குளிசை போட்ட நாலு நாளும் விடிஞ்சு வெயில் ஏறும்வரை நித்திரை கொண்டிட்டன். நாலு நாளும் இருமல் இல்லை. ஐஞ்சாம் நாள் குளிசைகளை அலுமாரிக்குள் வைச்சுப் பூட்டிவிட்டேன். நித்திரை இல்லாட்டிலும் பரவாயில்லை, அவர் வந்து கூப்பிட நான் கேளாமல் கிடக்க ஏலாது.

ஆகையால் இனிமேல் நான் கிளினிக்குக்குப் போகமாட்டேன். இது முடிந்த முடிவு. போன் எடுத்து ஏசவேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் கொஞ்சல். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு திரியுங்கோ. கடல் தாண்டி இருந்தாலும் அம்மாளாச்சியின் கண் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மச்சாள் விமலேஸ்வரி.

பி.கு: இவ்வளவும் எழுதினது கிளினிக் வாங்கில் இருந்துதான். கொப்பியின் நடுத்தாளைத்தான் கிழித்தனான். ராசமலருக்குத் தனிய வர வெக்கமாம், துணைக்கு வந்தனான். வந்த இடத்தில் என்னையும் கூப்பிட்டினம், இருமல் கதையையும் சொல்லிப்போட்டன். டொக்டர் பிள்ளை, "இருமலை நிப்பாட்ட நான் மருந்து தரேல்லை அம்மா. அவர் உங்களை நித்திரையாலை எழுப்பவோ வாறவர்?" என்று கேட்டா. யோசிச்சுப் பார்த்தன். உயிரோட இருக்கேக்கை என்னை எழுப்பாமல் தேத்தண்ணி தானே போட்டுக் குடிச்சிட்டு வயலுக்குப் போற மனுசன். இண்டைக்கு இராவு முழுசாப் போடுவன்.

இன்னொன்று. "உங்களை ஆர் விசாரிக்கிறவை?" என்று அவ கேட்க, மச்சாள் ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குப் போன் எடுப்பா என்றேன். பக்கத்தில் நின்ற ராசமலர் விரலை மடிச்சு எண்ணிப்போட்டுச் சொன்னா, அது உங்கடை ஊரில் சாமம் ஒண்டரையாம். ஒரு வருசமா நீங்களும் நித்திரை கொள்ளேல்லை, என்ன மச்சாள்? அங்கேயும் கிளினிக் இருக்குமாம். போங்கோ. பிறசருக்கு எண்டு சொல்லிப்போட்டாவது போங்கோ. தாற குளிசையை முழுசாப் போடுங்கோ, அண்ணைக்குப் பாதி வைக்கவேண்டாம். அவருக்கு நான் இஞ்சை தேத்தண்ணி வைக்கிறன்.