நடுவில் இருக்கும் காற்று

ஜன்னல் மாற்றிய மூன்றாம் நாள், தன் காது செத்துவிட்டது என்று குவானிஷ் முடிவு கட்டினான்.

சமையலறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்த்தான். கேட்டது. இருமிப் பார்த்தான். அதுவும் கேட்டது. காது நன்றாகத்தான் இருந்தது. கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

நான்காவது மாடி. கீழே பேருந்து நிறுத்தம். பழைய மரச்சட்ட ஜன்னல்கள் இருந்தவரை கரகண்டா நகரமே அந்த வீட்டுக்குள் குடியிருந்தது. ஒவ்வொரு வருடமும் குளிருக்கு முன்னால் அவன் மனைவி ஷோல்பான் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த காகிதப் பட்டைகளை ஒட்டுவாள். அப்படியும் காற்று வரும். காற்றோடு பேருந்துக் கதவின் பெருமூச்சு வரும். எதிர்க் கட்டிடத்து நாய் வரும். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் கீழ்வீட்டுக்காரியின் குரல் வரும். ஷோல்பான் இரண்டு ஜோடி சாக்ஸைப் போட்டுக்கொண்டு, "அடுத்த குளிருக்கு ரெட்டைக் கண்ணாடி. இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்பாள்.

செப்டம்பரில் அவளே அளவு கொடுத்தாள், அவளே கையெழுத்துப் போட்டாள். அக்டோபரில் இறந்துபோனாள். கம்பெனிக்காரர்கள் சொன்ன தேதியில் வந்து நின்றார்கள்.

குவானிஷ் கதவைத் திறந்துவிட்டான். வேறு என்ன செய்வது.

இப்போது வெளியே மைனஸ் இருபத்தைந்து. உள்ளே பனியனோடு நிற்க முடிந்தது. சுவரில் ஒரு கடிகாரம் இருப்பதும் அது ஓடும்போது சத்தம் போடும் என்பதும் அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜன்னல் பொருத்தியவர் கிளம்பும்போது கைப்பிடியில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போயிருந்தார். 'ஒராஸ்பாய். எதுவானாலும் ஆபீசுக்கு வேண்டாம், என்னையே கூப்பிடவும்.' கீழே எண்.

கூப்பிட்டான்.

"அண்ணே, ஜன்னல்ல ஒரு கோளாறு."

"என்ன கோளாறு தம்பி?"

"சத்தம் வரல."

"திறக்கறப்ப கிறீச்சுன்னு வரணும்கறீங்களா?"

"இல்ல, வெளிச் சத்தம். ஒண்ணுமே உள்ள வர மாட்டேங்குது."

"அதுக்குத்தானே தம்பி ஜன்னலே போட்டது."

குவானிஷுக்கு முகம் சூடானது. "காத்தும் வருது," என்றான் அவசரமாக.

"அப்படிச் சொல்லுங்க!" ஒராஸ்பாயின் குரலில் ஏனோ ஓர் உற்சாகம். "சனிக்கிழமை வர்றேன். எல்லாம் கியாரண்டியில வருது."

ஜன்னல் பொருத்த வந்தபோது கம்பெனி வேனில், கம்பெனி நீலச் சட்டையில் வந்த மனிதர், சனிக்கிழமை சொந்தக் கோட்டோடு பேருந்திலிருந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசல் நிறைய உடம்பு.

"வண்டி ரிப்பேர்," என்றார், யாரும் கேட்காமலே.

சிகரெட் லைட்டரைப் பற்றவைத்து ஜன்னல் விளிம்பு முழுக்கக் கொண்டுபோனார். காற்று வந்தால் சுடர் ஆடும். சுடர் அணிவகுப்பில் நிற்கிற சிப்பாய் மாதிரி நின்றது.

"காணோமே தம்பி."

"காலையில வந்துச்சு."

"காத்துன்னா அப்படித்தான். ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்கும்." அறுகோணத் திருகு சாவியை எடுத்து ஒரு திருகு திருகினார். "இது குளிர்காலத்துக்கு." இன்னொரு திருகு திருகினார். "இது எதுக்கும் இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தவரைத் தேநீர் தராமல் அனுப்ப முடியுமா? குவானிஷ் பால் காய்ச்சினான். ஷோல்பான் போன பிறகு அவன் வேறொருவருக்கு ஊற்றுவது அதுதான் முதல்முறை. கிண்ணத்தில் பாதிக்கும் கீழே, இரண்டு மடக்கு அளவுக்குத்தான் ஊற்ற வேண்டும். விருந்தாளி குடித்துவிட்டு நீட்டுவார், மறுபடி கொஞ்சம். இன்னும் இரு, இன்னும் பேசு என்று அதற்கு அர்த்தம். விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ஷோல்பான் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவாள், அளவு தப்பாது. குவானிஷ் மருந்து ஊற்றுகிறவன் மாதிரி ஊற்றினான்.

"இது எப்படிண்ணே வேலை செய்யுது?"

"ரெண்டு கண்ணாடி. நடுவுல காஞ்ச காத்து. சுத்தி சீல் வெச்சாச்சு. சூடு வெளிய போகணும்னா காத்து நகரணும். இந்தக் காத்துக்கு நகர இடமில்ல. அதனால சூடு வீட்டுலயே தங்கிடும், குளிர் தெருவுலயே நின்னுடும். சத்தமும் பாதி வழியில செத்துடும். சும்மா சொல்லக்கூடாது, நீங்க குடுத்த காசெல்லாம் நடுவுல இருக்கற அந்த ஒண்ணுமில்லாததுக்குத்தான்."

"அந்தக் காத்து?"

"அது அங்கயேதான். உள்ளயும் வராது, வெளியவும் போகாது."

குவானிஷ் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தான். "பாவம்," என்றான்.

ஒராஸ்பாய் கிண்ணத்தை நீட்டினார். அன்று ஏழு கிண்ணம் ஆனது.

திங்கட்கிழமை கண்ணாடி வியர்த்தது. செவ்வாய்க்கிழமை சன்னமாக ஓடிய தண்ணீர், புதன்கிழமை ஜன்னல் திட்டில் குளமாக நின்றது. இந்த முறை பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஒராஸ்பாய் ஒரு பை நிறையப் பொரித்த பவுர்சாக்கோடு வந்தார். ரிப்பேர்காரர் பலகாரத்தோடு வருவது கியாரண்டியில் சேர்த்தியா என்று குவானிஷ் கேட்கவில்லை. பசி.

"முன்னெல்லாம் வீடு இடுக்கு வழியா மூச்சு விட்டுச்சு," என்றார் ஒராஸ்பாய், வாயில் மாவுருண்டையோடு. "இப்ப மூக்கைப் பொத்திட்டோம். நீங்க காய்ச்சற பால், துவைக்கற துணி, விடற மூச்சு, எல்லா ஈரமும் எங்க போகும்? கண்ணாடி ஓரத்துல போய் உக்காந்துக்கும். காலையில அஞ்சு நிமிஷம், சாயங்காலம் அஞ்சு நிமிஷம் ஜன்னலைத் திறந்து வைங்க. அவ்வளவுதான், சரியாப் போயிடும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர் மாதிரி முகம் மாறியது.

"போகாது," என்றார். "துளை போட்டுடலாம்."

சட்டத்தின் மேல் பக்கம் வரிசையாகத் துளை போட்டு ஒரு மூடி வைத்தார். வியர்வை நின்றது. ஆனால் காற்றடிக்கிற நாளெல்லாம் ஜன்னல் விசில் அடித்தது. ஒரே சுரம், கூடவே அரைச் சுரம் தப்பி இன்னொன்று. எட்டாவது நாள் குவானிஷ் சுரங்க அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது தன்னையறியாமல் அதே சுரத்தில் விசிலடித்து, தலைமைப் பொறியாளரிடம் திட்டு வாங்கினான்.

ஒராஸ்பாய் வந்து துளைகளை நுரையால் அடைத்தார். சும்மா இருக்கட்டும் என்று வாசல் கதவைச் சுற்றியும் ரப்பர் ஒட்டினார். விசில் நின்றது. காற்று வர வேறு வழியில்லாமல் வீடு சமையலறைப் புகைபோக்கி வழியாகத் தலைகீழாக மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இரண்டாம் மாடிக்காரர் பொரிக்கிற மீன் வாசம் முழுவதும் குவானிஷின் தலையணையில் வந்து படுத்தது.

"என்ன மீன்?" என்று போனில் கேட்டார் ஒராஸ்பாய்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"நேர்ல வந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்."

வந்தார். மோந்து பார்த்தார். "கெண்டை," என்றார். ஒன்பது கிண்ணம் குடித்தார்.

ஜனவரியில் ஒரு வாரம் ஜன்னல் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. கடிகாரம் ஓடியது. செவ்வாய்க்கிழமை வரை குவானிஷ் பொறுத்தான். பிறகு வெண்ணெய்க் கத்தியை எடுத்து ஜன்னல் ஓரத்து ரப்பர் பட்டையை ஒரு சாண் நீளத்துக்குக் கிளப்பிவிட்டான். ஷோல்பான் இருந்திருந்தால் கத்தியால் அவனையே குத்தியிருப்பாள். இருந்திருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது.

ஒராஸ்பாய் மறுநாளே வந்தார். கத்தித் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார்.

"எலி," என்றார்.

"நாலாவது மாடியிலயா?"

"ஏறி வந்திருக்கும் பாவம். குளிர் இல்லையா?"

புதுப் பட்டை ஒட்டினார். "ரெண்டு நிமிஷம் திறந்து வெச்சுத்தான் மூடணும், அப்பதான் பிடிக்கும்," என்று ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுல யாருண்ணே இருக்கா?" என்று கேட்டான் குவானிஷ், தேநீர்ப் பானையைத் தூக்கியபடி. இத்தனை நாளில் அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

"டிவி இருக்கு," என்றார் ஒராஸ்பாய்.

அந்த நேரம் பார்த்துப் பேருந்து வந்து நின்றது. கதவு பெருமூச்சு விட்டது. நாய் குரைத்தது. கீழிருந்து அந்தக் குரல், "டேய் அல்திங்கா! சூப் ஆறுதுடா, மேல வா!"

எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றும் எங்கும் போயிருக்கவில்லை. குவானிஷ் பானையைச் சாய்த்தபடி கேட்டுக்கொண்டே நின்றான். அடுத்து படியில் ஷோல்பான் ஏறிவரும் சத்தம் கேட்கும் என்பது போல நின்றான்.

கையில் சுட்டபோதுதான் பார்த்தான். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்து, மேசையில் வழிந்துகொண்டிருந்தது.

ஒராஸ்பாயும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கை தவறி..."

"பரவால்ல தம்பி. நியாயம்தான். நானும் ரொம்ப வந்துட்டேன்."

"இல்லண்ணே, நான் வேற ஏதோ..."

"நீங்க சொல்லவே வேண்டாம்." கொதிக்கிற தேநீரை நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினார், கைப்பிடியைத் திருகினார், கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. அது அதைவிடப் பெரிய அவமானம்.

இந்த முறை ஜன்னலில் ஒரு குறையும் இல்லை. வியர்க்கவில்லை, விசிலடிக்கவில்லை. வீடு கதகதவென்று இருந்தது. ஷோல்பான் கேட்ட ஜன்னல் இதுதான். சாக்ஸே வேண்டாம்.

புகார் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது? மூன்று நாள் யோசித்தான். நாலாம் நாள் காலை, கைப்பிடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்வதாக முடிவு செய்து எண்ணை அழுத்தினான்.

திரைச்சீலைக்குப் பின்னால் ஏதோ அடித்தது.

ஜன்னல் திட்டில் ஒராஸ்பாயின் பழைய பொத்தான் போன். திரையில் கூப்பிடுகிறவர் பெயர் 'டீ' என்று இருந்தது. குவானிஷ் தன் போனை நிறுத்தினான். அதுவும் நின்றது. தவறிய அழைப்பு ஒன்று. அவனுடையது. மூன்று நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது. அவன் காது நன்றாகத்தான் இருந்தது. அந்த மூன்று நாளில் ஒராஸ்பாயை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

அலமாரியிலிருந்து ஷோல்பான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தான். அதில் கம்பெனி எண் இருந்தது. அதை அழுத்தினான். ஒரு பெண் எடுத்தாள். கால்யா என்றாள்.

"உங்க ஆள் ஒராஸ்பாயோட போன் எங்க வீட்டுல இருக்கு. கியாரண்டி வேலைக்கு வந்தப்ப விட்டுட்டுப் போயிட்டார். அவரைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?" என்றவன், பெயரையும் முகவரியையும் சொன்னான்.

"ஐயோ, நீங்கதானா அது!" என்ற கால்யா குரலைத் தாழ்த்தினாள். "குளிர்காலத்துல வேலை இல்லேன்னு நவம்பர்லயே அவரை நிறுத்தியாச்சு, உங்க ஜன்னல்தான் அவர் போட்ட கடைசி ஜன்னல், கியாரண்டின்னு நாங்க யாரையும் உங்க வீட்டுக்கு அனுப்பவே இல்ல, ஆனா மூணு நாளா மனுஷன் ஒரு பை பவுர்சாக்கோட என் மேசை முன்னாடி உக்காந்துக்கிட்டு, உங்ககிட்ட இருந்து புகார் வந்துச்சா வந்துச்சான்னு என் உயிரை வாங்கறார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எதையாவது உடைச்சு வைங்களேன்!"